வசூல் நோட்டின் முதல் வரி: முன்மாதிரி எப்படி வேலை செய்கிறது?

ஊரில் ஏதாவது பொதுக்காரியம் என்றால் ஒரு நோட்டு புறப்படும். ஊருணியைத் தூர்வார வேண்டும், கோயிலுக்கு வெள்ளையடிக்க வேண்டும், பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டும், எதுவானாலும் சரி. பிள்ளையார் சுழி போட்டு, தேதி எழுதி, வீடு வீடாக எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த நோட்டைக் கையில் வாங்குகிறவர் முதலில் எதைப் பார்க்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? எதற்காக வசூல் என்று மேலே எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை. விரல் நேரே முதல் பெயருக்குப் போகும். யார் போட்டிருக்கிறார், எவ்வளவு போட்டிருக்கிறார்? அதைப் பார்த்த பிறகுதான் தன் தொகையை மனதுக்குள் முடிவு செய்வார். நோட்டைக் கொண்டுவந்தவரே இன்னும் எதுவும் போடவில்லை என்று தெரிந்தால், பெரும்பாலும் 'அப்புறம் வாங்க' என்ற பதில்தான்.

முன்மாதிரி என்று நாம் சொல்வது என்ன என்பது இந்த ஒரு காட்சியில் ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. ஆனால் பேச்சில் அந்தச் சொல் வேறு எங்கெங்கோ போய்விட்டது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பலகாரக் கூடம் நடத்துகிறேன். கைமுறுக்கு, மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் எல்லாம் செய்கிறோம், ஒன்பது பெண்கள் வேலை பார்க்கிறார்கள். மகளிர் குழுக் கூட்டங்களுக்குப் பேசக் கூப்பிடும்போதெல்லாம் 'தலைவி முன்மாதிரியாக இருக்க வேண்டும்' என்ற வரி வந்துவிடும். அப்படியென்றால் என்ன என்று கேட்டால், நல்லவளாக இருப்பது என்று ஒருவர் சொல்வார். எல்லோரையும்விட அதிகமாக உழைப்பது என்பார் இன்னொருவர். தப்பே செய்யாமல் இருப்பது என்பார் மூன்றாமவர். மூன்றும் நல்ல விஷயங்கள்தான். ஆனால் ஒருவர் செய்வதைப் பார்த்து இன்னொருவர் ஏன் மாறுகிறார் என்ற கேள்விக்கு இவற்றில் பதில் இல்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பெட்டியடிப் பையன் என்ன கற்றான்?

செட்டிநாட்டார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி செய்த காலத்தில், கடைக்கு ஒரு மேலாள் இருப்பார். அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாள். கடைசியில் பெட்டியடிப் பையன். மேசைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருப்பவன் என்பதால் அந்தப் பெயர். கிட்டங்கி என்று சொல்லப்பட்ட நீண்ட கூடத்தில் பல கடைகள் வரிசையாகப் பெட்டி போட்டிருக்கும். பையன் ஏவின வேலையைச் செய்வான், பேரேடு எடுத்துக் கொடுப்பான், மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பான். கடன் கேட்டு வருபவரை மேலாள் எப்படி உட்காரவைக்கிறார், எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார், யாரிடம் இல்லை என்று சொல்கிறார், அதை எந்தக் குரலில் சொல்கிறார் என்பதெல்லாம் அவன் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இதற்கெல்லாம் பாடப்புத்தகம் கிடையாது.

இப்படிக் கற்பதற்கு உளவியலில் 'பார்த்துக் கற்றல்' என்று பெயர். தானே செய்து அடிபடாமல், இன்னொருவர் செய்வதையும் அதனால் அவருக்கு நேர்வதையும் பார்த்தே ஒரு நடத்தையை உள்வாங்குவது என்று அதற்குப் பொருள். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961இல் செய்த சோதனை இதில் மிகவும் பேர் பெற்றது. 72 சிறு குழந்தைகள். அவர்களில் ஒரு பகுதியினர், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைப் பார்த்தார்கள். பிறகு அதே பொம்மை தங்கள் கைக்குக் கிடைத்தபோது அப்படியே செய்தார்கள். அடிக்கும்போது பெரியவர் சொன்ன சொற்கள்கூடச் சிலர் வாயில் வந்தன.

இதற்குத் தொடர்ச்சியாக 1965இல் பண்டூரா செய்ததைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்ப்பேன். அடித்த பெரியவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த குழந்தைகள் அவ்வளவாக அவரைப் பின்பற்றவில்லை. சரி, அவர்கள் கற்கவில்லை போலும் என்று தோன்றும். ஆனால் 'அவர் என்ன செய்தார் என்று செய்துகாட்டினால் பரிசு' என்று சொன்னதும் அவர்களும் மற்றவர்களைப் போலவே செய்துகாட்டினார்கள். பார்த்ததெல்லாம் உள்ளே இருந்திருக்கிறது. வெளியே வரத் தருணம் பார்த்துக் கிடந்திருக்கிறது. நம்மோடு வேலை செய்பவர்கள் நம்மைப் பின்பற்றவில்லை என்பதற்காக அவர்கள் நம்மைக் கவனிக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

பார்த்தது செயலாக வர நான்கு படிகள் உண்டு என்று பண்டூரா சொன்னார். எங்கள் பக்கத்து வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் போடுகிற இடத்துக்குப் போயிருந்தால் நான்கும் எளிதில் விளங்கும். கண்ணாடிப் பலகைமேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் அறை அறையாக ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்புவார்கள். புதிதாக வந்தவர் முதலில் சரியான இடத்தைப் பார்க்க வேண்டும். ஊற்றுகிற கையைப் பார்க்க வேண்டுமே தவிரப் பூவைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அது கவனம். பார்த்த வரிசை மனதில் தங்க வேண்டும், அது நினைவு. அப்புறம் கை அதைச் செய்ய வேண்டும். அச்சைத் தூக்கும்போது சாயம் கலங்காமலிருக்க எத்தனை நாள் பார்த்தாலும் போதாது, எத்தனையோ கல் வீணாக வேண்டும். கடைசியாக, இதைக் கற்றால் நமக்கு ஏதோ உண்டு என்ற ஆசை வேண்டும். நான்கில் ஒன்று அறுந்தாலும் முன்மாதிரி அங்கேயே நின்றுவிடும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: முன்மாதிரியின் முதல் வேலை, 'இதை எப்படிச் செய்வது' என்று காட்டுவது. பார்க்கிறவர் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். பார்த்தது அவர் கைக்கு எட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

சுவரில் ஒரு விதி, அடுப்படியில் ஒரு விதி

எங்கள் கூடத்தின் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. 'தலைக்கு வலைத் தொப்பி இல்லாமல் உள்ளே வரக் கூடாது.' எழுதித் தொங்கவிட்டதும் நான்தான். ஒரு தீபாவளிச் சமயம். ஆர்டர் குவிந்துகிடந்தது. அதிரசத்துக்கு எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, தொப்பி போடாமல் இரண்டு மூன்று தடவை உள்ளே ஓடியிருக்கிறேன். அந்த வாரக் கடைசியில் பார்த்தால் பாதிப் பேர் தலையில் தொப்பி இல்லை. கோபம் வந்துவிட்டது, சத்தம் போட்டேன். மணகோலம் பிழிந்துகொண்டிருந்த ஒரு பெண் பயந்துகொண்டே சொன்னாள்: "ஆச்சி, அவசரத்துக்குப் போட வேணாம்னு நெனச்சோம்."

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அவர்கள் சொல்பேச்சுக் கேட்காதவர்கள் என்று நான் நினைத்தது தவறு. நான் கற்றுக்கொடுத்ததைத் துல்லியமாகக் கற்றிருந்தார்கள். சுவரில் இருந்த விதி 'எப்போதும் தொப்பி'. நான் நடந்து காட்டிய விதி 'வேலை நெருக்கினால் தொப்பி தேவையில்லை'. அவர்கள் இரண்டாவதைப் படித்தார்கள்.

இந்த இரண்டாவதை 'எழுதாத விதி' என்று சொல்லலாம். ஓர் இடத்தில் உண்மையில் எது நடக்கும், எது நடக்காது என்று எல்லோரும் புரிந்துவைத்திருப்பதுதான் எழுதாத விதி. அதை யாரும் அறிவிப்பதில்லை. மேலே இருப்பவர் என்ன செய்கிறார், எதைக் கண்டும் காணாமல் விடுகிறார் என்பதிலிருந்து மற்றவர்கள் கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள்.

மருத்துவமனையிலும் இதுதான் நடக்கிறது. கை கழுவாவிட்டால் நோய் பரவும் என்று அங்கே வேலை செய்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அமெரிக்க மருத்துவமனை ஒன்றைப் பற்றி 2003இல் வெளிவந்த ஆய்வு காட்டியது இது: அறையில் தங்களைவிடப் பெரிய பொறுப்பில் இருப்பவர் கை கழுவாமல் இருந்தால், கூட இருப்பவர்கள் கழுவுவதும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இங்கே அறிவுக்குக் குறைவில்லை, எழுதாத விதிதான் மாறிவிட்டது.

குழந்தைகளிடமும் சொல்லையும் செயலையும் பிரித்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1970இல் வெளியான ஒரு சோதனையில், விளையாடி வென்றதில் கொஞ்சம் ஏழைக் குழந்தைகளுக்குக் கொடுக்க வாய்ப்பு இருந்தது. சில பெரியவர்கள் கொடுத்துக் காட்டினார்கள், சிலர் கொடுக்கவில்லை. சிலர் கொடுப்பது நல்லது என்று பேசினார்கள், சிலர் வேறு மாதிரி பேசினார்கள். குழந்தைகள் கொடுத்தது, பெரியவர் கொடுத்தாரா என்பதைப் பொறுத்துத்தான் இருந்தது. பேச்சு அதை அவ்வளவாக அசைக்கவில்லை.

தீபாவளிக்குப் பிறகு நான் செய்தது ஒன்றுதான். என் தொப்பியைக் கதவுக்கு வெளியே, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு ஆணியில் மாட்டினேன். நிதானமான நாட்களில் போட்டேனா என்பதைவிட, ஆர்டர் நெருக்குகிற நாளில், எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது, நின்று அதை எடுத்துப் போட்டேனா என்பதைத்தான் அவர்கள் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு மாதத்தில் நிலைமை மாறிவிட்டது. சுவர் அட்டையை நான் மாற்றி எழுதவே இல்லை.

சுருக்கமாக: முன்மாதிரியின் இரண்டாவது வேலை, 'இங்கே உண்மையில் எது விதி' என்று சொல்வது. சிரமமான நேரத்தில் செய்வதுதான் இதில் எடைபோடப்படுகிறது.

விலை கொடுத்தவர் சொல்

மூன்றாவது வேலை இன்னும் ஆழமானது. சொந்தத் தெருவில் நடந்ததைவிட எங்கள் ஊர் வரலாற்றைக்கொண்டே இதைச் சொல்லிவிடலாம்.

காரைக்குடியில் சொ. முருகப்பா என்று ஒரு சீர்திருத்தக்காரர் இருந்தார். 'குமரன்' இதழை நடத்தியவர். கைம்பெண்களுக்கு மறுமணம் வேண்டும் என்று பேசினார், எழுதினார். அந்தக் காலத்தில் அப்படிப் பேசியவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் பலர் இருந்தார்கள். 'பேசலாம், இவர் வீட்டில் செய்வாரா?' என்ற கேள்வி அவர்கள் ஒவ்வொருவரையும் துரத்தியது. முருகப்பா, கைம்பெண்ணாக இருந்த மரகதவல்லியை மணந்துகொண்டார். பின்னாளில் மறுமணத்துக்கென்றே 'மாதர் மறுமணம்' என்ற இதழ் காரைக்குடியிலிருந்து வந்தது. அதன் ஆசிரியர் மரகதவல்லியேதான். அந்த இதழைக் கையில் எடுத்தவருக்கு, எழுதியவர் இதை வாழ்ந்து பார்த்தவர் என்பது முதல் பக்கத்தைத் திருப்பும் முன்பே தெரியும். அதற்கு ஈடான வாதம் ஒன்றை எழுத்தில் கொண்டுவர முடியாது.

ஏன்? பேச்சுக்குச் செலவில்லை. நம்புகிறவரும் பேசலாம், நம்பாதவரும் அதே பேச்சைப் பேசலாம். கேட்கிறவரால் இருவரையும் பிரித்தறிய முடியாது. ஆனால் உறவு முறியும், பெயர் கெடும் என்று தெரிந்தும் ஒருவர் ஒன்றைச் செய்தால், அதை உண்மையில் நம்பாதவர் அந்தச் செலவைச் செய்யமாட்டார் என்று பார்ப்பவர் உடனே புரிந்துகொள்கிறார். இதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் 'விலை கொடுத்த அடையாளம்' என்று சொல்லலாம்: நம்பிக்கை இல்லாதவரால் எளிதில் போலி செய்ய முடியாத செயல். வசூல் நோட்டின் முதல் வரி அப்படிப்பட்டது.

இதை எண்ணாகவே காட்டிய ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 58 ஊர்களில், வீட்டுக்கூரையில் சூரிய மின்தகடு போடச் சொல்லி உள்ளூர்த் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போனார்கள். அந்தத் திட்டத்தில் தங்கள் வீட்டுக்கும் தகடு போட்டுக்கொண்டவர்கள், போடாதவர்களைவிட 62.8 சதவீதம் அதிகமான வீடுகளைச் சேர்த்தார்கள். எல்லோரும் ஊர்க்காரர்கள், எல்லோரிடமும் ஒரே திட்டம்தான் இருந்தது. பேசியவரின் சொந்தக் கூரைதான் வேறு.

காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அரையாடைக்கு மாறியதும் இந்த வகைதான். அதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கதர் விலை அதிகம், அந்நியத் துணியை விட்டால் உடுத்தப் போதுமான கதர் கிடைக்காது என்று மக்கள் சொன்னார்கள். அப்படியானால் குறைவாக உடுத்தலாம் என்பதைத் தன் உடம்பிலேயே காட்டினார். எதிராளியின் சாக்குப் போக்குக்கு வாதம் சொல்லாமல் அந்தச் சாக்கே இல்லாமல் செய்துவிட்டார். முதலில் அக்டோபர் 31 வரை என்றுதான் அறிவித்தார், கடைசிவரை அப்படியே இருந்துவிட்டார். ஆறு வருடம் கழித்து, 1927 செப்டம்பரில் செட்டிநாட்டுக்கு வந்தபோது, இங்குள்ள மாளிகைகளில் அடைந்துகிடந்த மேசை நாற்காலிகளைப் பார்த்து, என்னிடம் விட்டால் பத்தில் ஒரு பங்குச் செலவில் இதைவிட வசதியாக அமைத்துத் தருவேன் என்று வீட்டுக்காரர்களிடமே பேசினார். விருந்தாளியாக வந்தவர் சொல்லக்கூடிய பேச்சா இது? அரைத் துணியோடு நின்றவர் சொன்னதால் கேட்டுக்கொண்டார்கள்.

ஆக மூன்று செய்திகள். எப்படிச் செய்வது, இங்கே எது விதி, சொல்பவர் உண்மையில் நம்புகிறாரா. முன்மாதிரி பலிக்காத இடத்தில், இவற்றில் எது போய்ச் சேரவில்லை என்று தேடினால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

முதல் வரி எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

பொருளியல் ஆய்வாளர்கள் வசூல் நோட்டையே விளையாட்டாக்கிப் பார்த்திருக்கிறார்கள். நாலைந்து பேரிடம் கொஞ்சம் பணம் கொடுப்பார்கள். பொதுப் பானையில் போட்டதைப் பெருக்கி எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுவார்கள். எல்லோரும் போட்டால் எல்லோருக்கும் லாபம். தான் மட்டும் போடாமல் இருப்பவருக்கு அதைவிட லாபம். ஒருவர் முதலில், எல்லோரும் பார்க்கப் போட்டால் என்ன ஆகும்? அவர் அதிகமாகப் போட்டால் மற்றவர்களும் அதிகமாகப் போடுகிறார்கள். ஆனால் சராசரியாக அவரைவிடக் கொஞ்சம் குறைத்தே போடுகிறார்கள். முன்னால் போகிறவர் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வருபவர்கள் அவர் அளவுக்கு வரவில்லை என்று மனம் கசந்துபோய் விலகியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இடைவெளி மனித இயல்பு, துரோகம் இல்லை.

எங்கள் பக்கத்தில் முதல் வரி என்றால் அழகப்பச் செட்டியாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. கோட்டையூரில் 1909இல் பிறந்தவர். 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தானே முதலில் கொடுத்தார். தேசிய ஆய்வகம் ஒன்று பெருநகரத்தை விட்டு இந்த வறண்ட பூமிக்கு வந்தது அதனால்தான். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் ஆய்வகம் திறக்கப்பட்டது. பெண்கள் கல்லூரிக்குத் தான் குடியிருந்த வீட்டையே கொடுத்தார். அரசாங்கத்தை இழுத்துவந்த முதல் வரி அது.

ஆனால் என் கூடத்தில் வேலை செய்கிற பெண்ணுக்கு அழகப்பர் முன்மாதிரி ஆவாரா? வணங்குவாள், பெருமைப்படுவாள். 300 ஏக்கரை எப்படிப் பின்பற்றுவது? பெரிய சாதனையாளரைப் பார்ப்பது எப்போது ஊக்கம் தருகிறது என்று 1997இல் வெளியான ஆய்வு ஒன்று ஆராய்ந்தது. கணக்கியல் படித்த முதலாண்டு மாணவர்கள், தங்கள் துறையில் சிறந்து விளங்கிய ஒருவரைப் பற்றிப் படித்து உற்சாகம் அடைந்தார்கள். கடைசி ஆண்டு மாணவர்களுக்கு அந்த உற்சாகம் வரவில்லை. அவர்களுக்கு இனி அதற்குக் காலம் இல்லை. எட்டும் என்று தோன்றினால்தான் மனம் எழுகிறது. அதனால்தான் ஊருணி நோட்டில் பெரிய தொகைக்கு அடுத்தபடியாக, கூலி வேலை செய்பவர் ஒருவர் போட்ட இருநூறு ரூபாய் இருப்பது முக்கியம் என்று நினைக்கிறேன். அந்த வரியைப் பார்த்துத்தான் மீதித் தெரு தன் தொகையை முடிவு செய்கிறது.

வழக்கமாகத் தவறும் இடங்கள்

எல்லா வேலையையும் தானே இழுத்துப்போட்டுச் செய்வதுதான் முன்மாதிரி என்று நம்பும் குழுத் தலைவிகள் நிறைய. வங்கிக்கும் அவர்தான் போவார், கணக்கும் அவர்தான் எழுதுவார், கூட்டத்துக்குப் பாயும் அவர்தான் விரிப்பார். மற்றவர்கள் அதிலிருந்து என்ன கற்கிறார்கள்? 'இதெல்லாம் அக்கா வேலை.' எழுதாத விதி அப்படிப் பதிந்துவிடுகிறது. மேலாளே கடைசிவரை பேரேடு எழுதிக்கொண்டிருந்தால் பெட்டியடிப் பையன் ஒருநாளும் அடுத்தாள் ஆகமாட்டான். காட்டுவது ஒரு பாதி, பேனாவை அவர் கையில் கொடுப்பது மறுபாதி.

படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் துடைப்பம் பிடிப்பது பலிக்காது. அதில் விலை இல்லை என்பது பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். தப்பே செய்யாதவராக இருக்க வேண்டும் என்பதும் தேவையற்ற பயம். தவறு செய்தபோது அதை ஒத்துக்கொண்டு திருத்துவதும் பார்க்கப்படுகிறது, அதையும் கற்கிறார்கள்.

இன்னொன்று, நாம் காட்ட நினைத்தது மட்டும் போய்ச் சேர்வதில்லை. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், பெட்டிக்குள் இருந்த பரிசை எடுப்பதைச் சிம்பன்சிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் செய்துகாட்டினார்கள். நடுவில் தேவையில்லாத தட்டல் குத்தல் சிலவும் சேர்த்தார்கள். பெட்டி உள்ளே தெரியும்படி இருந்தபோது சிம்பன்சிகள் வீண் வேலையை விட்டுவிட்டு நேரே பரிசை எடுத்தன. குழந்தைகள் வீணானதையும் விடாமல் செய்தார்கள். நாம் அப்படிப்பட்ட பிறவி. பெரியவர் செய்தால் காரணம் இருக்கும் என்று எடுத்துக்கொள்வோம். ஜல்லிக்கரண்டியை எண்ணெய்ச் சட்டி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவது என் அப்பத்தாவிடமிருந்து எனக்கு வந்த பழக்கம். இன்று கூடத்தில் ஒன்பது பேரும் இரண்டு தட்டுத்தான் தட்டுகிறார்கள். தட்டலோடு போனால் பரவாயில்லை. விற்பனையாளரிடம் நான் எரிந்து விழுவதும் அதே வழியில்தான் போகும் என்பதால் இப்போதெல்லாம் தொலைபேசியில் பேசும்போது கவனமாக இருக்கிறேன்.

சென்ற வாரம் ஒரு புதுப் பெண் சேர்ந்தாள். கைமுறுக்குச் சுற்றக் கற்க வேண்டும். எனக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்து இரண்டு நாள் கண்கொட்டாமல் பார்த்தாள். பார்த்தும் வரவில்லை, அவள் விரல் எதிர்ப்பக்கமாகத் திருகியது, மாவு அறுந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. எதிரே இருந்து பார்த்தால் என் வலக்கை அவளுக்கு இடப்பக்கம் தெரிகிறது, சுற்று தலைகீழாகப் போகிறது. பலகையைத் தூக்கி என் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்கும்படி போடச் சொன்னேன். நான் பார்க்கிற கோணத்திலேயே அவளும் என் கையைப் பார்க்கட்டும் என்று மெதுவாகச் சுற்றினேன். அன்று சாயங்காலத்துக்குள் நாலு சுற்று அறுந்துபோகாமல் வந்துவிட்டது. ஏழு சுற்று வர இன்னும் நாளாகும்.